விட்டுப்போன தகப்பனுக்கும் உரிமை உண்டு: அக்கா மகளை வளர்க்கும் ஒரு தாய்மாமனின் அனுபவம்

அக்கா இறந்த பிறகு அவளுடைய மகளுக்கு இனி யார் பொறுப்பு என்ற கேள்வியே எங்கள் ஊரில் எழவில்லை. காதுகுத்துக்கு மடியில் வைத்துக்கொண்டவன் தாய்மாமனாகிய நான். பால் மறக்கடித்த நாளிலிருந்து பக்கத்தில் படுக்கவைத்துத் தூங்கச்செய்தவள் என் அம்மா. காலையில் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்புகிறவள் என் மனைவி. ஆனால் அப்போது சட்டப்படி எங்கள் மூவரில் ஒருவரும் அந்தக் குழந்தையின் பாதுகாவலர் இல்லை. அவளுக்கு ஒரு வயது நிறைவதற்கு முன்பே வேலைக்கென்று பம்பாய்க்குப் போய், பிறகு பணமும் இல்லை பேச்சும் இல்லை என்று ஆகிவிட்ட அவளுடைய தகப்பனார்தான் பாதுகாவலர். அக்காவின் நோய் முற்றிய காலத்தில் ஒரு வழக்கறிஞர் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியவந்தது. அதன்பின் நடந்தவற்றை, தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களுக்கும், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பெரியவர்களுக்கும் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மைனர் பிள்ளைக்கும் அதன் சொத்துக்கும் இயற்கைப் பாதுகாவலர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்று வரிசைப்படுத்துகிறது. கீதா ஹரிஹரன் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விளக்கம் தந்தபோது, தந்தை உயிரோடு இருந்தாலும் பிள்ளையின் காரியங்களில் அக்கறையின்றி விலகியிருந்தால் தாயே இயற்கைப் பாதுகாவலராகச் செயல்படலாம் என்றது. அதனால் அக்கா இருந்தவரை பள்ளியிலோ வங்கியிலோ அவள் கையெழுத்தை யாரும் மறுக்கவில்லை. தாயும் இறந்துவிட்டால் நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. தாத்தா, பாட்டி, மாமன், சித்தி ஆகிய எவரும் அந்த வரிசையில் இல்லை. நீதிமன்றம் நியமித்தால் ஒழிய, பிள்ளை எத்தனை ஆண்டு நம் வீட்டில் வளர்ந்திருந்தாலும், வளர்த்தவர் என்ற தகுதி மட்டுமே நமக்கு உண்டு.

ஏழு வருஷம் ஆள் வரவில்லை என்றால் உரிமை போய்விடும் என்று எங்களுக்குப் பலரும் தைரியம் சொன்னார்கள். அந்த ஏழு வருடக் கணக்கு, ஒருவர் உயிரோடு இருந்தால் தகவல் அறிந்திருக்க வேண்டியவர்களே அவரைப் பற்றி எதுவும் கேள்விப்படாதபோது அவர் இறந்துவிட்டதாக அனுமானிப்பதற்கு உரியது. எங்கள் அத்தானைத் தாராவியில் பார்த்துப் பேசியவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். இத்தனை ஆண்டு விலகியிருந்தால் தந்தை என்ற உரிமை தானாக அற்றுப்போகும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அதே சமயம், பெற்றவர் என்ற ஒரே காரணத்துக்காக எந்த நீதிமன்றமும் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிடுவதும் இல்லை. அவர் ஏன் விலகியிருந்தார், விலகியிருந்த காலத்தில் பிள்ளைக்கு என்ன செய்தார், இப்போது எதற்காக வருகிறார் என்பவற்றைக் கொண்டே முடிவெடுக்கிறார்கள். எங்கள் வழக்கு முழுவதும் இந்த மூன்று கேள்விகளைச் சுற்றியே நடந்தது.

அக்கா பீடி சுற்றித்தான் பிழைத்தாள். தென்காசிப் பக்கம் அந்தத் தொழிலில் இருக்கும் ஏராளமான பெண்களைப் போல அவளுக்கும் பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இருந்தது. அப்பா எழுதிவைத்த வீடும், அதன் முன்பக்கத்தில் வாடகைக்கு விட்ட சிறிய கடை அறையும் அவள் பெயரில் இருந்தன. விவாகரத்து வாங்கவில்லை. ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி அவள் சொத்து பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் சம பங்காகப் போகும். தாய்வீட்டிலிருந்து வந்த சொத்துக்கும், பிள்ளை இருக்கும்போது இதே விதிதான். அதாவது வீட்டில் பாதி, பத்து வருடமாக எட்டிப்பார்க்காத கணவனுக்கு. மீதிப் பாதி மகளுக்கு என்றாலும், மகள் மைனராக இருப்பதால் அதை நிர்வகிக்கும் உரிமையும் இயற்கைப் பாதுகாவலரான அவருக்கே. நீதிமன்ற அனுமதி இல்லாமல் மைனரின் நிலம் வீட்டை அவர் விற்க முடியாது என்பது உண்மை. வாடகையை வாங்கிக்கொள்ள அப்படி ஒரு தடையும் இல்லை.

இதைக் கேட்டதும் அக்கா அழவில்லை. என்னென்ன எழுத வேண்டும் என்று கேட்டாள். முதலில் வீடும் கடை அறையும் முழுவதும் மகளுக்கே என்று உயில் எழுதினாள். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயம் இல்லை. இருந்தாலும் நோயாளி எழுதிய உயில் என்று பின்னால் கேள்வி வரும் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். அவள் தெளிவான மனநிலையில் இருக்கிறாள் என்று மருத்துவரிடம் எழுதியும் வாங்கினோம். அந்த உயிலிலேயே, தன் மகளைத் தன் தாயும் தம்பியும் சேர்ந்து வளர்க்க வேண்டும் என்பது தன் விருப்பம் என்று ஒரு பத்தி சேர்க்கச் சொன்னாள். தந்தை உயிரோடு இருக்கும்போது தாய் உயில் மூலம் பாதுகாவலரை நியமிப்பது தன்னளவில் நிற்பது கடினம் என்று வழக்கறிஞர் சொன்னார். ஆனால் 1890ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம், பாதுகாவலரை நியமிக்கும்போது நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டியவற்றுள் இறந்துபோன பெற்றோரின் விருப்பத்தையும் 17ஆம் பிரிவில் சேர்த்திருக்கிறது. நியமனமாக நிற்காவிட்டாலும் சான்றாக அந்தப் பத்தி நின்றது.

அடுத்தது பி.எஃப். இதைப் பற்றிப் பீடிக் கடையிலேயே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எங்கள் வழக்கறிஞர்தான் திட்ட விதிகளைப் புரட்டிக் காட்டினார். பெண் உறுப்பினர் ஒருவர் பி.எஃப். ஆணையருக்கு எழுத்து மூலம் தெரிவித்தால், அவருடைய கணவரை அந்தத் திட்டத்துக்குரிய 'குடும்பம்' என்ற வரையறையிலிருந்து விலக்கிவிடலாம். அக்கா ஒரு பக்கக் கடிதம் எழுதி, மகளை நாமினியாகவும், மகள் மைனர் என்பதால் அவள் சார்பில் பணத்தைப் பெற எங்கள் அம்மாவையும் குறித்து, பதிவுத் தபாலில் அனுப்பினாள். அந்த ஒப்புகை அட்டையை இன்றும் உயிலோடு சேர்த்து வைத்திருக்கிறேன். கணவன் விட்டுப்போன பெண் தொழிலாளர்கள் எத்தனையோ பேர் இந்த நாட்டில் பி.எஃப். பிடித்தம் கொடுத்து வருகிறார்கள். இந்த ஒரு கடிதம் அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

அக்கா போன சில வாரங்களில் அத்தான் வந்தார். துட்டி கேட்க வந்தவர் போலத்தான் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பேச்சுவாக்கில், பள்ளிக்கூடம் முடிந்ததும் பிள்ளையைப் பம்பாய்க்குக் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னார். அங்கே அவருக்கு வேறு குடும்பம் இருந்தது. நாங்கள் தயங்கியதும், "நான் பெத்த பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறதுக்கு ஒங்ககிட்ட உத்தரவு வாங்கணுமா மாப்ள?" என்று கேட்டார். அடுத்த வாரம் பிள்ளையைக் கடத்தி வைத்திருப்பதாக என் மேல் காவல் நிலையத்தில் புகார். வாக்குமூலம் வாங்கிய அதிகாரி, இது நீதிமன்றத்தில் தீர்க்க வேண்டிய விஷயம் என்று இரு தரப்பிடமும் சொல்லி அனுப்பினார்.

அந்த இரவில் உறவினர்கள் சொன்ன யோசனை, பிள்ளையைக் கொஞ்ச நாள் வெளியூரில் சித்தி வீட்டில் வைத்துவிடலாம் என்பது. அவர்கள் பாசத்தில் சொன்னார்கள். ஆனாலும் நான் உறுதியாக மறுத்தேன். சட்டப்படியான பாதுகாவலரிடமிருந்து பிள்ளையை மறைத்துவைத்தால் கடத்தல் புகாருக்கு நாமே ஆதாரம் கொடுத்ததாகும். அதைவிட, தாயை இழந்த பிள்ளையின் பள்ளியையும் வீட்டையும் நாமே பறித்துவிட்டு, அவள் நலனுக்காகப் போராடுகிறோம் என்று நீதிபதியின் முன்னால் எப்படி நிற்பது? அவர் மனு போடுவதற்கு முன் நாம் மனு போட வேண்டும், பிள்ளை வழக்கம்போல் பள்ளிக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

பாதுகாவலராக நியமிக்கக் கோரி உறவினர் யாரும் மனுச் செய்யலாம். பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்துக்கு உட்பட்ட நீதிமன்றத்தில் செய்ய வேண்டும். பிள்ளையின் பராமரிப்பு பற்றிய மனு குடும்பநல நீதிமன்றத்துக்கும், சொத்துப் பாதுகாப்பு பற்றியது மாவட்ட நீதிமன்றத்துக்கும் போகும். அம்மாவும் நானும் கூட்டாக மனுதாரர்கள் ஆனோம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பு இல்லாமல் இலவசமாக வழக்கறிஞர் உதவி பெறலாம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்; 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலே வழிகாட்டுவார்கள். மனுவோடு, வழக்கு முடியும்வரை பிள்ளையை இப்போது இருக்கும் வீட்டிலிருந்து யாரும் அகற்றக் கூடாது என்ற இடைக்கால உத்தரவும் கேட்டோம், கிடைத்தது.

வழக்கின் கடினமான இடம் அந்த 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. தாயோ தந்தையோ உயிரோடு இருந்து, அவர் தகுதியற்றவர் அல்ல என்று நீதிமன்றம் கருதினால், வேறொருவரைப் பிள்ளைக்குப் பாதுகாவலராக நியமிக்க முடியாது. ஆகவே நாங்கள் நல்லவர்கள் என்று காட்டினால் போதாது. அவர் தகுதியற்றவர் என்று நிறுவ வேண்டும். ஊர்க்காரர்களின் சாட்சியத்தைவிடக் காகிதங்களே இதில் பேசின. அக்கா பல ஆண்டுகளுக்கு முன்பே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மகளுக்கு ஜீவனாம்சம் கேட்டு உத்தரவு வாங்கியிருந்தாள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு அது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. அந்த உத்தரவின்படி ஒரு மாதம்கூடப் பணம் வரவில்லை, பாக்கிக்காக அவள் போட்ட மனுவும் கோப்பில் இருந்தது. வராத பணத்துக்கு எதற்கு வழக்கு என்று அப்போது அவளை எத்தனையோ பேர் கேட்டார்கள். அந்தக் கோப்புதான் எங்கள் வழக்கின் முதுகெலும்பாக அமைந்தது.

இன்னொன்று பள்ளியின் தேர்ச்சி அறிக்கை. ஒவ்வொரு பருவத்துக்கும் பெற்றோர் கையொப்பம் என்று ஒரு கட்டம் இருக்கும். முதல் வகுப்பிலிருந்து அக்காவின் கையெழுத்து. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த பருவங்களில் என் கையெழுத்து, அதன் கீழே வகுப்பாசிரியை சிவப்பு மையில் எழுதிய 'தாய்மாமன்' என்ற குறிப்பு. தடுப்பூசி அட்டை, குடும்ப அட்டை, காதுகுத்துக்கு வரும்படி அக்கா பம்பாய் முகவரிக்கு அனுப்பித் திரும்பி வந்த பதிவுத் தபால் ஆகியவற்றையும் தாக்கல் செய்தோம். பிள்ளையைத் தனியாக வளர்ப்பவர்கள் இப்படிப்பட்ட சாதாரணத் தாள்களைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் சேர்த்துவைக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளைத் தாக்கல் செய்வதானால், மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழும் உடன் வேண்டும் என்பதை வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தாய்மாமனுக்கு ஆதரவான தீர்ப்பு உண்டா என்று நான் ஆவலோடு தேடினேன். இருந்தது. 1992இல் கீர்த்திகுமார் ஜோஷி வழக்கில், தாயை இழந்த இரண்டு பிள்ளைகளிடம் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தாமே பேசிப் பார்த்து, மனைவியைக் கொடுமைப்படுத்திய குற்றச்சாட்டை எதிர்கொண்டிருந்த தந்தையிடம் அனுப்பாமல், தாய்மாமனிடமே விட்டார்கள். ஆனால் எங்கள் வழக்கறிஞர் அதோடு நிற்காமல், 2019இல் வந்த தேஜஸ்வினி கௌட் வழக்கையும் படிக்கச் சொன்னார். அதில் தாய் புற்றுநோயில் இறந்தாள். தந்தையும் காசநோயால் மருத்துவமனையில் கிடந்ததால் குழந்தை தாயின் உடன்பிறந்தாரிடம் வளர்ந்தது. அவர்கள் எவ்வளவோ அன்பாக வளர்த்திருந்தும் உச்ச நீதிமன்றம் குழந்தையைத் தந்தையிடம் ஒப்படைத்தது. நோயால் விலகியிருந்தவரும் மனமில்லாமல் விலகியிருந்தவரும் சட்டத்தின் முன் ஒன்றல்ல, ஒன்றாக இருக்கவும் கூடாது. இதைப் படித்தபின், அத்தான் விலகியதற்கு நியாயமான காரணம் ஏதும் இருந்ததா என்று நானே முதலில் விசாரித்தேன். அப்படி இருந்திருந்தால் மனுவைத் திரும்பப் பெறுவது என்று அம்மாவிடமும் சொல்லியிருந்தேன். காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

நோட்டீஸ் விஷயத்தில் ஒரு சொல்லைக் கட்டாயம் கேளுங்கள். அத்தானின் பழைய முகவரியைக் கொடுத்தால் தபால் திரும்பிவிடும், பத்திரிகையில் விளம்பரம் செய்து ஒருதலைப்பட்சமாக உத்தரவு வாங்கிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அப்படி வாங்கிய உத்தரவை, தமக்கு முறையாக நோட்டீஸ் கொண்டுசேர்க்கப்படவில்லை என்று அவர் பின்னால் வந்து ரத்து செய்யக் கோரலாம். அவருக்கு உத்தரவு பற்றித் தெரிந்த நாளிலிருந்தே அதற்கான கெடு தொடங்கும். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போது வழக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குவதை நினைத்துப் பாருங்கள். அவர் அப்போது இருந்த வீட்டு முகவரியையும் கைபேசி எண்ணையும் கொடுத்தோம். அவர் வந்தார், வழக்கறிஞர் வைத்தார், சொத்துக்காகவே மாமன் பிள்ளையைப் பிடித்துவைத்திருக்கிறார் என்று எதிர்மனுவில் எழுதினார். கடை அறை வாடகை மகள் பெயரில் அஞ்சலகச் சேமிப்பில் சேர்வதற்கான புத்தகத்தை நாங்கள் தாக்கல் செய்ததோடு, நீதிமன்றம் கேட்கும்போதெல்லாம் கணக்குக் காட்டச் சம்மதம் என்றும் எழுதிக் கொடுத்தோம்.

பகுத்தறிந்து விருப்பம் சொல்லும் வயது வந்த பிள்ளையின் கருத்தை நீதிமன்றம் கேட்கலாம். நீதிபதி தம் அறையில் அவளிடம் தனியாகப் பேசினார். முந்தின நாள் அவள் என்னிடம் கேட்டது, "அவங்க என்னைய ஸ்கூல் மாத்திருவாங்களா மாமா?" என்பது மட்டும்தான். அவரைப் பற்றி நல்லதோ கெட்டதோ நாங்கள் எதையும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்த பேச்சைக் கண்டுபிடிக்க அங்கே இருப்பவர்களுக்கு அதிக நேரம் ஆகாது. அது ஒருபுறம் இருக்க, தகப்பனை வெறுக்கும்படி ஒரு பிள்ளையைப் பழக்குவது அவளுக்குச் செய்யும் தீங்கு என்று நான் நம்புகிறேன்.

உத்தரவில் அம்மாவும் நானும் பாதுகாவலர்களாக நியமிக்கப்பட்டோம். அத்தானுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் ஊரிலேயே பிள்ளையைப் பார்க்கும் உரிமையும், கைபேசியில் பேசும் உரிமையும் தரப்பட்டன. நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர், அனுமதியின்றிப் பிள்ளையை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அதே 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்வதால், பள்ளிச் சுற்றுலா, மருத்துவம், உறவினர் வீட்டு விசேஷம் ஆகியவற்றுக்குப் பொது அனுமதியை அந்த உத்தரவிலேயே கேட்டு வாங்கிவிட்டார் எங்கள் வழக்கறிஞர். உத்தரவின் சான்றிட்ட நகலைக் காட்டியே பள்ளியின் எமிஸ் என்ற மாணவர் விவரப் பதிவிலும் வங்கியிலும் ஆதாரிலும் பாதுகாவலர் விவரத்தைச் சேர்த்தோம்.

சந்திப்பு உரிமையை முடிந்தவரை தட்டிக்கழிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் வரும் சனிக்கிழமைகளில் என் மனைவி அவருக்கும் சேர்த்துச் சோறு வைக்கிறாள். வராத மாதங்களில் வரவில்லை என்று தேதியோடு குறித்துக்கொள்கிறோம், சண்டைக்குப் போவதில்லை. அவளுக்குச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பித்தபோது தகப்பனாரின் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த சந்திப்பில் அவரே அதன் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். வழக்கு பகையாக முடிந்திருந்தால் அந்த ஒரு தாளுக்கு நாங்கள் எங்கெங்கோ அலைந்திருப்போம்.

தாய் உயிரோடு இருந்து தனியாக வளர்க்கும் குடும்பங்களுக்கு வழி இதைவிட எளிது. மைனருக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது மற்றவரின் சம்மதம் இல்லாவிட்டால், காரணத்தைச் சொல்லி ஒருவரே உறுதிமொழி கொடுக்கலாம். திருமணமாகாத தாய், தந்தைக்கு நோட்டீஸ் அனுப்பாமலே பாதுகாவலராக விண்ணப்பிக்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கணவன் விட்டுப்போன பெண்கள் வட்டாட்சியரிடம் கைவிடப்பட்ட பெண் சான்றிதழுக்கு இ-சேவை மூலம் விண்ணப்பிக்கலாம். அது உதவித் திட்டங்களுக்குப் பயன்படும், பாதுகாவலர் உரிமையை அது தராது. இவற்றையெல்லாம்விட அவசரமானது உயில். உடம்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

முறையாகத் தத்தெடுத்துவிடலாமே என்று எங்களைக் கேட்கிறார்கள். தாய்மாமன் உறவினர் என்ற முறையில் தத்தெடுக்க முடியும், ஆனால் அதற்கு அத்தானின் சம்மதம் தேவைப்பட்டது, அவர் தரவில்லை. எனக்கும் அதில் வருத்தம் இல்லை. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரை நீக்கிவிட வேண்டும், இனிஷியலை மாற்ற வேண்டும் என்று சொன்னவர்களுக்கும் நாங்கள் இணங்கவில்லை. பாதுகாவலர் உத்தரவால் அவள் அவருடைய மகள் இல்லை என்று ஆகிவிடவில்லை. அவர் சொத்தில் அவளும் முதல்நிலை வாரிசு. அவர் கொடுக்க வேண்டிய ஜீவனாம்ச பாக்கியும் அவளுடையதே, அதை விட்டுக்கொடுக்க எனக்கோ அம்மாவுக்கோ உரிமை கிடையாது. பாதுகாவலர் என்ற முறையில் பாக்கிக்கான மனுவை நடத்திக்கொண்டிருக்கிறோம், சிறுகச் சிறுகப் பணம் வரத் தொடங்கியிருக்கிறது. அவளுக்குப் பதினெட்டு நிறையும் நாளில் எங்கள் நியமனம் முடிந்துவிடும். வீட்டுப் பத்திரம், உயில், அஞ்சலகப் புத்தகம், பி.எஃப். தொகை போட்ட வைப்புச் சீட்டு, வரவு செலவு நோட்டு ஆகியவற்றை அன்று அவளிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும். அதற்கான பட்டியலை இப்போதே எழுதி, ஒவ்வொரு சித்திரையிலும் சரிபார்த்து வருகிறேன்.